நான் பார்த்துச் சொன்ன டீசல் வேன்

என் அருமைப் பெரியவளுக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நான், உன் அம்மா, சின்னவன், அவன் பெண்டாட்டி எல்லோரும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்கு அடக்கமாக உடுத்திக்கொண்டு நன்றாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஒரு குறையும் இல்லாமல் என்று கை தானாக எழுதிவிட்டது, கடிதம் என்றால் இப்படித்தான் ஆரம்பிக்க வேண்டும் என்று பழகிவிட்டது, அடித்தால் அசிங்கமாக இருக்கும், அப்படியே இருக்கட்டும், குறை என்னவென்று பின்னால் வருகிறது. போன் இருக்கும்போது இந்த மனுஷன் எதற்குப் பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்தார் என்று பதறாதே. யாருக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லை. உன் அம்மாவின் முழங்கால் வலி முன்னைக்குத் தேவலை, மாடிப்படி ஏறும்போது மட்டும் என்னைத் திட்டிக்கொண்டே ஏறுகிறாள். வீட்டைக் கட்டினவன் நான் இல்லை, வாடகை வீடுதான், ஆனாலும் திட்டு எனக்குத்தான். போனில் தட்டி அனுப்பலாம், ஆனால் இந்த வீட்டில் ஒரே போன் இரண்டு பேருக்குச் சொந்தம், உன் அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் வேலையாக அதைத்தான் படிப்பாள். இதை நீதான் முதலில் படிக்க வேண்டும்.

சின்னவன் வேன் வாங்கியது உனக்குத் தெரியும். அடுத்தவன் வண்டியில் ஆஸ்பத்திரித் துணி மூட்டைகளை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தவனிடம், சொந்த வண்டி இருந்தால் ஆஸ்பத்திரி ரூட் முழுவதையும் உனக்கே தருகிறேன் என்று சலவைக்கூட முதலாளி சொன்னார். அன்றிலிருந்து அவனுக்குக் கால் தரையில் பாவவில்லை. புது வண்டி நம் கைக்கு எட்டாது, ரொட்டிக் கடைக்காரர் ஒருவர் தன் பழைய டீசல் வேனை விற்கிறார் என்று கேள்விப்பட்டு என்னிடம் வந்தான். மூன்று லட்சம் கிலோமீட்டருக்கு மேல் ஓடிய வண்டி. ஓட்டம் அதிகம் என்பதால் மட்டும் ஒரு டீசல் வண்டியை ஒதுக்கக் கூடாது, ஒழுங்காக ஆயில் மாற்றி நெடுஞ்சாலையில் ஓட்டியிருந்தால் இன்னும் அவ்வளவு தூரம் ஓடும் என்று நான்தான் அவனுக்குத் தைரியம் கொடுத்தேன். நீயும் போனில் சொன்னாயாமே, அப்பா பார்த்து சரின்னு சொன்னா கண்ணை மூடிக்கிட்டு வாங்குடா என்று. அதை அவன் வீடு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தான். எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா, இப்போது அதை நினைத்தால் உன் முகத்தில் விழிக்கவே கூச்சமாக இருக்கிறது.

வண்டி பார்க்கப் போகும் விஷயத்தில் என் பிடிவாதம் உனக்குத் தெரிந்ததுதான், நான் வருவதற்கு முன்னால் யாரும் சாவியைத் தொடக் கூடாது. சூடான இன்ஜின் பல நோய்களை மறைத்துவிடும். ரொட்டிக் கடைப் பின்கட்டில் வேன் நின்றிருந்தது, சின்னவனோடும் மருமகளோடும் போனதும் பானெட்டில் கை வைத்தேன், ஜில்லென்று இருந்தது, மனிதர் நேர்மையானவர் என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன், அது தப்பில்லை, அவர் நேர்மையானவர்தான். மீட்டர் சொல்வதும் பெடல் ரப்பரின் தேய்மானமும் பொருந்துகிறதா என்று பார்த்தேன், கதவுகளுக்கு அடியில் துருவைச் சுத்தியலால் தட்டிப் பார்த்தேன், டயர் நான்கும் ஒரே சீராகத் தேய்ந்திருக்கிறதா என்று தடவிப் பார்த்தேன், ரேடியேட்டர் தண்ணீரில் எண்ணெய்ப் படலம் இல்லை, ஆயிலை விரல்களுக்கு நடுவே வைத்துத் தேய்த்தேன், கறுப்பாக இருந்தது, டீசலுக்கு அது சகஜம். அதில் இரும்புத் துகள் மின்னுகிறதா என்று வெளிச்சத்தில் பார்க்க வேண்டும், அதைச் சரியாகப் பார்க்காமல் துணியில் துடைத்துவிட்டேன், ஏனென்றால் சுற்றி நாலு பேர் கூடிவிட்டார்கள், எல்லோரும் என் நீளத் திருப்புளிக்காகக் காத்திருந்தார்கள். பஸ் டெப்போவில் மெக்கானிக்காக இருந்தபோது எனக்கு டீசல் டாக்டர் என்று பெயர் வாங்கிக் கொடுத்ததே அந்தத் திருப்புளிதான், உனக்கு நினைவிருக்கும், முனையை இன்ஜினில் வைத்துக் கைப்பிடியைக் காதில் வைத்தால் உள்ளே எது சரியில்லை என்று சொல்லிவிடுவேன்.

பெரியவளே, இப்போது சொல்கிறேன், எனக்குக் காது கேட்பதில்லை. ஒரேயடியாக இல்லை, எதிரே நின்று முகம் பார்த்து உரக்கப் பேசினால் கேட்கும், மற்றதெல்லாம் இரைச்சல். இன்ஜின்களுக்கு நடுவே நின்றே காலம் போனவனுக்கு அவை கொடுத்த கூலி என்று வைத்துக்கொள். முதலில் கதவு மணி போயிற்று, அப்புறம் போன் மணி, அப்புறம் பேச்சில் பாதி. யாரிடமும் சொல்லவில்லை. உன் அம்மா ஏதாவது கேட்டால் உம் என்பேன், இரண்டாம் முறை கேட்டால் யோசிக்கிறேன் என்பேன், மூன்றாம் முறை அவளே கோபித்துக்கொண்டு போய்விடுவாள், இவ்வளவு நாள் குடும்பம் நடத்தியதில் நான் எப்போதுமே இப்படித்தான் என்று அவள் நினைத்துக்கொண்டது எனக்கு வசதியாகப் போயிற்று. அன்றைக்கு வண்டியை ஸ்டார்ட் செய்தார்கள், திருப்புளியைக் காதில் வைத்தேன், கம்பி வழியாக நடுக்கம் வந்தது. அந்த நடுக்கத்தையே சத்தம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, கண்ணை மூடித் தலையாட்டினேன். ரொட்டிக் கடைக்காரர் இன்ஜினைக் காட்டி என்னவோ கேட்டார். ஸ்டார்ட் பண்ணினதும் டொக் டொக்னு ஒண்ணு வருது, ரேஸை விடும்போதும் வருது, அதுக்கு என்ன சொல்றீங்க பெரியவரேன்னு கேட்டார் மாமா என்று மருமகள் பிற்பாடு சொல்லித்தான் எனக்குத் தெரியும். விற்கிறவரே குறையைக் காட்டியிருக்கிறார். நான் அவர் விரலை மட்டும் பார்த்துவிட்டு, அதெல்லாம் டீசலுக்குச் சகஜம் என்றேன். மருமகள் என் பக்கத்தில் வந்து, உள்ளே யாரோ சுத்தியலால தட்டுற மாதிரி இருக்கே மாமா என்று கத்திச் சொன்னாள். அது கேட்டது. வீட்டு மிக்ஸியைக் கேட்டுப் பழகின காதுக்கு டீசல் அப்படித்தாம்மா இருக்கும் என்று சொன்னேன், கூட இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள், ஆனால் முகம் வாடிப்போயிற்று. காது உள்ள எவருக்கும் கேட்டிருக்கும் சத்தத்தை அவள் சொன்னாள், நான் அவள் வாயை அடைத்தேன். கைகுலுக்கி வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டோம்.

மூட்டைகளோடு ஆஸ்பத்திரி மேட்டில் ஏறும்போதுதான் அது நடந்தது. பேரிங் தேய்ந்து தேய்ந்து கடைசியில் உள்ளே பிஸ்டனைப் பிடித்திருக்கும் ராடு உடைந்து, இன்ஜின் சுவரிலேயே ஓட்டை விழுந்துவிட்டது. வெள்ளைத் துணி மூட்டைகளைச் சின்னவன் தோளில் சுமந்து மேடு ஏற்றியிருக்கிறான். ரூட் வேறு ஒருவனுக்குப் போய்விட்டது. அவன் இப்போது மறுபடியும் அடுத்தவன் வண்டியில் ஏறிப் போகிறான், இதை உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று எல்லோரையும் கட்டுப்படுத்தி வைத்திருக்கிறான். வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு கிரீஸ் பட்டறைக்குப் போனோம். கிரீஸ் என்னோடு டெப்போவில் வேலை பார்த்தவன், நகத்தில் எப்போதும் அது இருந்ததால் அந்தப் பெயர். அவன் குரல் ஊருக்கே கேட்கும், எனக்கும் கேட்டது. இது வாங்கறப்பவே கத்தியிருக்குமே, எந்தச் செவிடன்யா பார்த்துச் சொன்னான் என்று கேட்டான். கேட்டுவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தான், உனக்குத் தெரியாமலா என்கிற மாதிரி. நான் தரையில் சிந்தியிருந்த ஆயிலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சின்னவன் என்னவோ சொன்னான், கிரீஸ் அவன் முதுகில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு ஸ்பானரை எடுத்துக்கொண்டு போய்விட்டான். வீட்டுக்கு வந்து, பட்டறைக்குக் கூட வந்திருந்த மருமகளைக் கேட்டேன். அவள் என் முகத்துக்கு நேரே வந்து நிறுத்தி நிறுத்திச் சொன்னாள், அப்பாவைக் கூப்பிடாம நானே அவசரப்பட்டு வாங்கிட்டேன்னு சொன்னாரு மாமா என்று. அவள் அப்படி நேரே வந்து நின்றதிலேயே அவளுக்கு என் கதை தெரிந்துவிட்டது என்று புரிந்தது. நான் கேலி செய்த பெண் என்னைக் காட்டிக்கொடுக்காமல் நிற்கிறாள், பெற்ற பிள்ளை என் பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டு வருகிறான். அன்றைக்குச் சோறு இறங்கவில்லை, வயிறு சரியில்லை என்று அதற்கும் ஒரு பொய் சொன்னேன்.

நேற்றுச் சின்னவன் பட்டறைக்குக் கிளம்பியபோது நானும் கூடப் போனேன். கிரீஸுக்கு முன்னால் வைத்தே, அந்தச் செவிடன் நான்தான் என்று சொன்னேன். கிரீஸ் கையைத் துணியில் துடைத்துவிட்டு எனக்கு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டான். சின்னவன் முகம் சிவந்துபோய் ஏதோ சொன்னான், எனக்குப் பிடிபடவில்லை. வழக்கமாக இந்த இடத்தில் உம் என்றிருப்பேன். கேக்கலைடா, திரும்பச் சொல்லு என்றேன். இதைச் சொல்ல எனக்கு இவ்வளவு காலம் ஆகியிருக்கிறது. அவன் கிட்டே வந்து, காது கேக்கலைன்னு நான் கோவப்படலைப்பா, தெரியாதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இன்னொருத்தரைக் கூட்டிட்டு வந்திருப்பேனேப்பா என்று சொன்னான். அது நியாயமான கோபம். திரும்பி வரும்போது ரோடு தாண்டுகிற இடத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டான், கோபம் மட்டும் போகவில்லை, இன்னமும் சரியாகப் பேசவில்லை. அடுத்த வாரம் அவனே காது டாக்டரிடம் கூட்டிப்போகிறானாம், மருமகள் சொன்னாள். அவளிடமும் மன்னிப்புக் கேட்டேன், போங்க மாமா என்று மட்டும் சொன்னாள். உன் அம்மாவிடம் இன்று சாயங்காலம் சொல்லப் போகிறேன், நான் இத்தனை நாள் சொன்ன உம்களுக்கெல்லாம் அவள் கணக்குக் கேட்பாள், கேட்கட்டும்.

இனி உன் விஷயம். மழைக்கு முன்னால் ஒரு நாள், அம்மா கடைக்குப் போயிருந்தபோது நீ போன் செய்தாய், போன் என் கையிலேயே இருந்ததால் அது அதிர்ந்தது தெரிந்து எடுத்தேன். வெகுநேரம் பேசினாய். உன் குரல் ஏறி இறங்கியது மட்டும் தெரிந்தது, சந்தோஷமா அழுகையா என்று தெரியவில்லை. நடுவில் நீ நிறுத்தினாய், நான் ஏதாவது சொல்ல வேண்டும் போலிருந்தது, நல்லதும்மா, ரொம்ப நல்லது, எல்லாம் நல்லதுக்குத்தான் என்றேன். நீ பேசவே இல்லை. கடைசியில் நீ உரக்கச் சொன்ன ஒன்றே ஒன்று மட்டும் தெளிவாகக் கேட்டது, அம்மாகிட்ட சொல்லிடாதீங்கப்பா என்றாய். அதற்கப்புறம் நீ அம்மாவோடு பேசிவிட்டு வைத்துவிடுகிறாய், அப்பாவிடம் கொடு என்று கேட்பதில்லை. மாப்பிள்ளையைப் பற்றியதா, வேலையா, உன் உடம்பா என்று நினைத்து நினைத்து எனக்குத் தலை வெடிக்கிறது. அம்மாவிடம் இதுவரை மூச்சு விடவில்லை. விடுவதற்கு எனக்கு ஒன்றும் தெரியாது என்பதை யாரிடம் போய்ச் சொல்வேன். எதை நான் நல்லது என்று சொன்னேனோ, அதற்காக அப்பாவை மன்னித்துவிடு.

நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடியில்லாமல், மனசு நிறைந்து, தீர்க்காயுசாக இருக்க வேண்டும். தம்பிக்குப் போன் செய்தால் வேன் விஷயம் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாதே, அவனே சொல்லட்டும். எனக்குப் போன் செய்யாதே கண்ணு, பதில் எழுது, அன்றைக்கு என்ன சொன்னாய் என்று முதலிலிருந்து எழுது. கேட்கவில்லை, திரும்பச் சொல்லு.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
அப்பா