போகட்டுமா என்று கேட்ட டிராகன்

குட்டியின் அப்பாவுக்கு,

வணக்கம். நானும் குட்டியும் அத்தையும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். இருமல் நின்றதா என்று நேற்று போனில் கேட்டபோது, நின்றுவிட்டது என்று இருமிக்கொண்டே சொன்னீர்கள். மருந்தைப் பாதியில் நிறுத்தாமல் குடித்து முடியுங்கள்.

தினமும் போனில் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். அந்த வெளிநாட்டில் உங்கள் அறையில் ஆறு பேர். இங்கே போனை ஸ்பீக்கரில் போட்டு நடுக்கூடத்தில் வைத்துத்தான் பேசுகிறோம். கேஸ் வந்ததா, மோட்டார் ஓடுகிறதா, குட்டி என்ன மார்க் என்பதற்கு மேல் நாம் இரண்டு பேரும் எதைப் பேசியிருக்கிறோம்? உங்கள் பக்கத்துக் கட்டில்காரர் விடுமுறை முடிந்து ஞாயிற்றுக்கிழமை திரும்புகிறார் அல்லவா, அவர் கையில் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். நன்றாக ஒட்டியிருக்கிறேன். அவர் எதிரில் பிரிக்காதீர்கள்.

இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடட்டுமா, மாதக் கடைசிக்குள் கம்பெனியில் சொல்ல வேண்டும் என்று கேட்டீர்கள். உங்கள் இஷ்டம் என்று சொன்னேன். நீங்கள் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் இந்தக் கடிதம் வந்து சேர வேண்டும் என்று வேண்டிக்கொண்டு எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். எப்படியும் உங்கள் சித்தப்பா மகன் போன் பண்ணிச் சொல்லத்தான் போகிறார். அது நடந்த நேரத்தில் அவர் ஓட்டுகிற பஸ் இரண்டாவது மேடையில்தான் நின்றது. அவர் வாய் உங்களுக்குத் தெரியும், கண் காது மூக்கு வைத்துச் சொல்வார். பேருந்து நிலையத்தில் என் மானம் கப்பலேறிவிட்டது. இத்தனை வருஷம் அங்கே அறிவிப்பாளராக இருந்து, கணீரென்று பேசுகிறவள் என்று வாங்கிய நல்ல பெயரெல்லாம் போயிற்று.

குட்டி ஏதோ பொம்மைப் படம் பார்க்கிறாள் என்று சொல்லியிருக்கிறேனே. பொம்மைப் படம் என்றால் அவளுக்குக் கோபம் வரும், அனிமே என்று சொல்ல வேண்டுமாம். பரீட்சை நேரத்தில் இது என்னடி என்று அணைக்கப் போனேன். ஒரே ஒரு பகுதி பாரும்மா, அப்புறம் அணைச்சுக்கோ என்றாள். பார்த்தேன். இப்போது அவள் எழுந்து படிக்கப் போய்விடுகிறாள், நான்தான் டிவி முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். அவர்கள் பேசுவது நமக்குப் புரியாது, கீழே எழுத்து ஓடும். அதைப் படிப்பதற்கென்றே கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொள்கிறேன்.

கதை இதுதான். ஒரு டிராகன், ஒரு மலைக்கே ராஜா. மனுஷ வேஷம் போட்டுக்கொண்டு ஊருக்குள் வருகிறான். அங்கே கடிகாரம் பழுதுபார்க்கிற கடை வைத்திருக்கிறாள் ஒரு பெண். அவளைப் பார்க்க வேண்டுமே, அதற்காகத் தன் அரண்மனைக் கடிகாரங்களை எல்லாம் தானே உடைத்து உடைத்துத் தூக்கிக்கொண்டு வருகிறான். வெட்கம் வந்தால் அவனுக்குக் காதில் புகை வரும். சந்தோஷம் தாங்காவிட்டால் கோட்டுக்குள்ளிருந்து வால் வெளியே வந்து கடையில் இருக்கிற சாமானை எல்லாம் தட்டிவிடும். அவன் யார் என்று அவளுக்கு முதல் நாளே தெரியும். சொன்னால் கூச்சப்பட்டு வராமல் இருந்துவிடுவானோ என்று, வாலே கண்ணில் படாதவள் மாதிரி கீழே விழுந்ததைப் பொறுக்கி வைக்கிறாள்.

இதில் என்ன இருக்கிறது என்று கேட்டால் ஒன்றுமே இல்லை. யாரும் சாவதில்லை. யாரும் யாரையும் வீட்டை விட்டுத் துரத்துவதில்லை. ஊரையே அழிக்க வந்த சூனியக்காரிகூட ஒரு டீ குடித்துவிட்டு, ஓடாத தன் கைக்கடிகாரத்தைக் கொடுத்துவிட்டுப் போகிறாள். ஒரு பகுதி முழுக்க அவன் அவளுக்குக் குடை பிடிக்கலாமா வேண்டாமா என்று தவிக்கிறான். கடைசியில் பிடிக்கிறான், அதோடு முடிந்தது. அதற்குப் போய் நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். நாளெல்லாம் வண்டி தாமதம், வண்டி ரத்து என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வருகிறவளுக்கு, வெந்நீரில் காலை வைத்த மாதிரி இருக்கிறது.

இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது, இருந்தாலும் எழுதுகிறேன். பெரியவர்கள் பேசி முடித்தார்கள், நமக்குக் கல்யாணம் ஆனது, உங்கள் விடுமுறை தீர்ந்தது. அடுத்த விடுமுறைக்கு நீங்கள் வந்தபோது குட்டி என் இடுப்பில் இருந்தாள். குடை பிடிக்கலாமா என்று தவிக்க உங்களுக்கு எங்கே நேரம் இருந்தது? தவித்திருப்பீர்களோ என்னவோ, பார்க்க நான் பக்கத்தில் இல்லை. தோளுக்கு மேல் வளர்ந்த பெண்ணை வைத்துக்கொண்டு என்ன எழுத்து இது என்று எனக்கே முகம் சுடுகிறது.

சரி, நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் மைக்கில் ஒரு பொத்தான் உண்டு. அழுத்திப் பிடித்தால்தான் பேச்சு வெளியே போகும், விரலை எடுத்தால் நின்றுவிடும். நீளமான அறிவிப்பு என்றால் விரல் மரத்துப் போகும். அதற்காகப் பழைய அட்டையை மடித்துப் பொத்தானுக்கு ஆப்பு வைத்துவிட்டுப் பேசுவோம். எல்லா ஷிப்டிலும் எல்லோரும் செய்வதுதான். போன செவ்வாய்க்கிழமை பாலத்தில் வேலை என்று பாதையை மாற்றிவிட்டார்கள். ஒவ்வொரு வண்டிக்கும் மாற்றுப் பாதையைப் படித்து முடித்தவள், அட்டையை எடுக்க மறந்துவிட்டேன். சாப்பாட்டு டப்பாவைத் திறந்து, காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு, போனில் விட்ட இடத்திலிருந்து பார்க்க ஆரம்பித்தேன். காது அடைத்திருந்ததால், வெளியே என் குரல் முழங்கியது எனக்குத் தெரியவில்லை.

அன்றைக்குப் பார்த்து அவன் மலைக்குத் திரும்புகிற பகுதி. போனால் நூறு வருஷம் கழித்துத்தான் வர முடியும். கடை வாசலில் நின்றுகொண்டு, போகட்டுமா என்று அவளைக் கேட்கிறான். அவள் கையிலிருக்கிற கடிகாரத்தைத் துடைத்துக்கொண்டே, உங்கள் இஷ்டம் என்கிறாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. கேக்குறான் பாரு கேள்வி, போகட்டுமான்னு கேட்டா போகாதேன்னு அவ எப்படிடா சொல்லுவா, உனக்கா தெரிய வேணாமா என்று கத்தியிருக்கிறேன். அதோடு விட்டேனா? அவ இங்க தனியா கிடந்து சாகுறா, உனக்கு மலை ஒரு கேடா, கையைப் பிடிடா மடையா என்றும் சொன்னேனாம். அப்புறம் அழுதேனாம். மூக்கைச் சிந்தியது வரைக்கும் எல்லா மேடையிலும் கேட்டிருக்கிறது.

மேலாளர் படியேறி ஓடிவந்து அட்டையைப் பிடுங்கினார். நல்ல மனுஷர், மேலிடத்துக்கு எழுதவில்லை, இனிமேல் கவனமாக இருங்கள் என்று மட்டும் சொன்னார். கதவு வரைக்கும் போனவர் திரும்பி நின்று, அப்புறம் அவன் போயிட்டானாம்மா என்று மெதுவாகக் கேட்டார். தலையைக் குனிந்துகொண்டேன். இப்போது டிரைவர்கள் எல்லோரும் என் ஜன்னலுக்குக் கீழே வந்து, மலைக்குப் போற வண்டி எந்த மேடைம்மா என்று கேட்கிறார்கள். உங்கள் சித்தப்பா மகன்தான் அதில் முதல் ஆள்.

அவர்கள் சிரிப்பதைக்கூடத் தாங்கிக்கொள்வேன். அன்றைக்கு அத்தை கண் டாக்டரைப் பார்த்துவிட்டு, என்னோடு சேர்ந்து வீட்டுக்குப் போகலாம் என்று நாலாவது மேடையில் உட்கார்ந்திருந்தார். என் குரல் அவருக்குத் தெரியாதா? கையெழுத்துப் போடட்டுமா என்று நீங்கள் போனில் கேட்டதும், நான் பதில் சொன்னதும் அவர் பக்கத்தில் இருந்தபோதுதானே. வீட்டுக்கு வரும் வழியில், ஜன்னலைச் சாத்து, காத்து அடிக்குது என்றார், அவ்வளவுதான். அன்றிலிருந்து அவர் முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியாமல் தட்டை வைத்துவிட்டு ஓடிவிடுகிறேன். என் பிள்ளை அங்கே மாடாக உழைக்கிறான், இவள் ஊர் கேட்கப் புருஷனுக்காக அழுகிறாள் என்று நினைத்திருப்பாரோ என்று உடம்பு கூசுகிறது.

மேலே ஒரு அறை கட்ட வேண்டும், குட்டியைக் கல்லூரியில் சேர்க்க வேண்டும். எனக்குத் தெரியாததா? உங்கள் தலையில் இருக்கிற பாரம் போதாதென்று இவள் வேறு என்று நீங்கள் நினைத்தாலும் தப்பில்லை. எனக்குக் காதில் புகை வர வேண்டாம், ஒன்றும் வேண்டாம். எதிரில் உட்கார்ந்து சாப்பிடுங்கள், உப்புக் கம்மி என்று குறை சொல்லுங்கள். மேலறை இல்லாமல் இருந்துகொள்கிறேன். என் சம்பளமும் இருக்கிறது, இங்கே உங்களுக்கு ஒரு வேலை கிடைக்காமலா போய்விடும்?

இவ்வளவையும் எழுதிவிட்டுக் கிழித்துப் போடத்தான் இருந்தேன். இன்று காலை அத்தை எதிரில் வந்து உட்கார்ந்தார். அவனுக்குத்தானே எழுதுறே என்றார். ஆமாம் என்றேன், தலையை நிமிர்த்தவில்லை. கையிலிருந்த வாளியைத் தரையில் வைத்தார். பிறகு, அங்க கேக்குறவங்களுக்கு அவன் ஒரு காரணம் சொல்லணுமே, அம்மாவுக்கு முட்டி தேஞ்சு போச்சு, எழுந்து நடக்க முடியலைன்னு சொல்லிட்டு வரச் சொல்லு என்றார். சொல்லிவிட்டு, ஈரத்துணி வாளியைத் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று மொட்டைமாடிக்குப் படியேறிப் போய்விட்டார்.

அவர் முட்டிக்கு ஒன்றுமில்லை, பயந்துவிடாதீர்கள். ஆனால் வந்துவிடுங்கள்.

இப்படிக்கு,
குட்டியின் அம்மா