பேஸ் குரலுக்கு வார்த்தை இல்லை

11 ஜனவரி 2025, சனி

எங்கள் சர்ச்சின் சபை நாளுக்குக் கீர்த்தனை மட்டும் போதாதாம். குவயர் மாஸ்டர் ஜெயசிங் போனில் ஒரு பழைய அமெரிக்கப் பாட்டைப் போட்டுக் காட்டினார். எழுபது வருஷத்துக்கு முன்னால் பையன்கள் தெருமுனையில் நின்று வாத்தியமில்லாமல் பாடிய வகை. ஒருத்தன் தன் பெண்ணைப் போகாதே என்று கெஞ்சுகிறான். மற்றவர்கள் பின்னால் ‘ஊ’ என்றும் ‘டூ-வாப்’ என்றும் இழுக்கிறார்கள். காதல் பாட்டா, கோயிலிலா என்றேன். “சாயங்கால புரோகிராமுக்காக்கும், ஆராதனைக்கில்ல” என்றார்.

நாலு குரலுக்கும் டோ-ரே-மி என்று சோல்ஃபா எழுதிக் கொடுத்துவிட்டார். கெஞ்சுவது அகிலேஷ். எனக்கு அடிக்குரல், பேஸ்; பாட்டு முழுக்க ‘டும் டும் டும்’. இந்த வயதில் செண்டை மேளக்காரன் வேலை.

பெண்களின் கீழ்க்குரல் ஆல்ட்டோவுக்குப் பிரேமகுமாரி. என்னோடு சண்டே ஸ்கூல் படித்தவள். புருஷன் இறந்தபின் குவைத் நர்ஸ் வேலையை விட்டு இங்கேயே வந்துவிட்டாள். “மோன் டிக்கெட் எடுத்து அனுப்பியாச்சு. இருபத்திரெண்டாம் தேதி அவன்கிட்ட அயர்லாந்துக்குப் போறேன்” என்றாள். கறிக்கு உப்பு போட்டாச்சு என்பதுபோல் சொன்னாள்.

14 ஜனவரி, செவ்வாய்

என் கடையில் மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் சுற்றும்போதும் வாயில் அந்தப் பாட்டுதான். அப்படி என்ன இருக்கிறது அதில்? மாறி மாறி வருவது நாலே சுரக்கூட்டு. வரிகளைச் சும்மா வாசித்தால் பள்ளிக்கூடப் பையன் எழுதிய மாதிரி. ஆனால் கேட்டால் நெஞ்சு அடைக்கிறது. கடைக்கு வந்த பொன்னையன், “ஓய், எந்தப் பெட்டிக்கடை ரேடியோ இது?” என்றான். பாடியது நானாக்கும் என்று சொல்லவில்லை.

15 ஜனவரி

மனைவி ஓமனா இறந்த பிறகு வீட்டில் எனக்கு வாயே தேவைப்படவில்லை. சனிக்கிழமை பிராக்டீஸ்தான் பேச்சு. பிரேமா போய்விட்டால்?

18 ஜனவரி, சனி

இடைவேளையில் அவளிடம் கேட்டேன், இந்தப் பாட்டு எப்படி இத்தனை காலம் நிற்கிறது என்று.

“கெஞ்சுறவன் ஒத்தைக்கு நிக்கல்லியே ராஜதாஸே. பின்னால ஆளு உண்டு. நமக்கெல்லாம் யாரு இருக்கா அப்படி?”

நான் இருக்கேன் என்று சொல்லியிருக்கலாம் அப்போதே. ‘டும் டும்’ பாடத்தான் போனேன். மடையன்.

19 ஜனவரி, ஞாயிறு

சபை நாள் புரோகிராமில் நன்றாகத்தான் பாடினோம். அகிலேஷ் கடைசி வரியை இழுத்து நிறுத்தினான். ஜனங்கள் கைதட்டப் போகிற நேரம் — ஆராதனையில் நாலு குரல் பாட்டு முடிந்தால் வாய் போகிற வழக்கமான இடத்துக்கே போய்விட்டது. பிரேமாவும் நானும் மட்டும் ‘ஆ—மென்’ என்று நீட்டிவிட்டோம். கோயில் முழுக்கச் சிரிப்பு. போதகர் மைக்கைப் பிடித்து, “ஜெபமும் ஆச்சு. இனி அந்தப் பெண்ணு எங்கயும் போகப்பிடாது, கேட்டியளா” என்றார்.

பிரேமா முகம் சிவந்துபோனது. வெளியே பால் விடாத கட்டன்சாயா கொடுக்கும் இடத்தில் அவளருகே போய் நின்றேன்.

“நீ போவண்டாம், பிரேமா.”

“மருமோளுக்குப் பிரசவம். எப்படிப் போகாம இருப்பேன்?”

“அது தெரியும். எனக்கு நீ இல்லாம கழியாது. அதைச் சொல்லணும்னு தோணிச்சு.”

அவள் சாயாவைக் குடித்து முடித்தாள். நிதானமாகத்தான் குடித்தாள்.

“இத்தனை நாளு வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்தே?” என்று கேட்டுவிட்டு, தம்பியின் காரில் ஏறிப் போய்விட்டாள்.

இதற்கு என்ன அர்த்தம்? திட்டா? சம்மதமா? ஒண்ணும் புரியல்ல எனக்கு.

20 ஜனவரி

கடை திறக்கவில்லை.

22 ஜனவரி, புதன்

போனாள். நான் காரில் பெட்டி ஏற்றிக் கொடுக்கும்போது பக்கத்தில் வந்து, தம்பி காதில் விழும்படியே, “ஈஸ்டருக்கு வந்துருவேன். ஆல்ட்டோவ யாருக்கும் கொடுத்துராதே” என்றாள். தலையாட்டினேன். ஏர்போர்ட் வழியில் கார் பாலராமபுரம் தாண்டியிருக்கும் நேரம்வரை ரோட்டிலேயே நின்றேன். ஈஸ்டர் இந்த வருஷம் ஏப்ரல் இருபதுக்குப் போய்க் கிடக்கிறது.

25 ஜனவரி, சனி

பிராக்டீஸ். குவயருக்குப் புதிதாக வந்த லிஷா, பிரேமா உட்காரும் நாற்காலியைக் காட்டி, “அங்கிள், இங்க இருக்கலாமா?” என்றாள்.

“அங்க ஆளு உண்டு மக்கா” என்றேன்.