செங்கல்லுக்குப் பின்னால் ஏழு கவர்கள்

தூசிக்குப் பயந்து மகள் வீட்டுக்கு ஓடிப்போன என் வீட்டுக்காரருக்கு,

இருமல் எப்படி இருக்கிறது? போனில் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவீர்கள், அதனால்தான் எழுதுகிறேன்.

இன்று சமையலறைச் சுவரை இடித்த மேஸ்திரி, "அக்கா, புதையல்!" என்று கத்தினார். மாவு டப்பாவுக்குப் பின்னால் ஒரு செங்கல் ஆடிக்கொண்டே இருக்குமே, அதற்குப் பின்னால் பணம். பிரித்துப் பார்த்துவிட்டு, "அடடா, இது எதுவுமே இப்ப செல்லாதுக்கா" என்று என்னைவிட அதிகமாக வருத்தப்பட்டார்.

அதில் மேலே இருந்த, முடிச்சுப் போட்ட கைக்குட்டை என்னுடையது. அங்கே உங்களுக்கு மாத்திரை எடுத்துத் தருகிறாளே பாப்பா, அவளுக்கு அப்போது மூன்று வயது. எனக்கும் அவளுக்கும் அம்மா வீட்டுக்குப் போக பஸ் காசு வைத்திருந்தேன். திரும்பி வருவதற்கு வைக்கவில்லை. ஏன் என்று உங்களுக்கும் தெரியும், விடுங்கள். பிறகு எப்போது அதை மறந்தேன் என்று எனக்கே நினைவில்லை.

நீங்கள் அதைப் பார்த்துவிட்டீர்கள் என்பது இன்றுதான் தெரிந்தது. கைக்குட்டைக்கு அடியில் உங்கள் அச்சகத்தின் சம்பளக் கவர்கள் ஏழு. ஒவ்வொன்றிலும் பணம். அந்த வருடம்தானே, டாக்டர் சொன்னார் என்று சிகரெட்டை விட்டீர்கள்? எந்த டாக்டர்?

கடைசிக் கவரின் மேல் உங்கள் கோழிக் கிறுக்கல்: "பஸ்ல வேணாம், பாப்பாவுக்கு வாந்தி வரும். ரயில்ல போ."

கல்லுளிமங்கன் ஐயா நீங்கள்! நன்றி என்றெல்லாம் நமக்குள் சொல்லிப் பழக்கமில்லை.

சனிக்கிழமை அங்கே வருகிறேன். ரயிலில்தான்.

இப்படிக்கு,
பாப்பாவின் அம்மா