கட்டில் கம்பியில் கேட்ட சத்தம்

பெரியப்பா,

பக்கத்து வீட்டுத் தாத்தாவின் குரல் இன்று காலையில் நனைந்திருந்தது. அதைத்தான் முதலில் கவனித்தேன். மருமகளிடம் ஏதோ கேட்டார். தொண்டையில் தேங்கிய தண்ணீருக்குள்ளிருந்து பேசுவதுபோல் இருந்தது. அதற்குப் பிறகுதான் இருமல் வந்தது. போன வாரம்தான் அவரை ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டி வந்தார்கள். உங்களுக்கு வந்த அதே பக்கவாதம் என்று அம்மா சொன்னாள். நான் பின்வாசலில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தேன். சோப்பு நுரைக் கையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

உங்கள் இரும்புக் கட்டில் இன்னும் அதே சுவரோரம்தான் கிடக்கிறது. மெத்தையை மட்டும் சுருட்டிவிட்டோம். அம்மா ஓட்டல் சமையல்கட்டுக்குக் காலையில் போனால் பொழுது சாய்ந்துதான் வருகிறாள். பேச ஆள் கிடையாது. முன்பும் கிடையாதுதான், ஆனால் அப்போது வேலை இருந்தது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை உங்களைப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். இடுப்பிலும் குதிகாலிலும் சிவந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இப்போதும் அந்த நேரம் வந்தால் எழுந்துவிடுகிறேன். கட்டில்வரை போய்விட்டுத் திரும்பி வருகிறேன்.

நீங்கள் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தீர்கள். ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு உங்கள் பஸ்ஸில் ஏறினேன். கூட்டத்தில் நான் ஏறியது உங்களுக்குத் தெரியாது. நம் மானகிரி வந்தது. “இறக்கம்” என்று சொல்ல வாய் வரவில்லை. பஸ் நம் ஊரைத் தாண்டிப் போய்விட்டது. அடுத்த ஊரில் கூட்டம் குறைந்தபிறகு என்னைப் பார்த்தீர்கள். நடந்ததைக் கேட்டுவிட்டு, டிரைவரைப் பார்த்துச் சிரித்தீர்கள்.

“ஏத்தா, சொந்தப் பெரியப்பன் பஸ்ஸுல எறங்கவுமா வெக்கம்? வாய் வரலேன்னா கம்பியத் தட்டு. ஒரு தட்டுக்கு நிறுத்துவேன், ரெண்டு தட்டுன்னா போலாம்.”

அதற்குப் பிறகு உங்கள் பஸ்ஸில் நான் வாய் திறந்ததே இல்லை. தட்டினேன். நீங்கள் விசில் அடித்தீர்கள்.

அந்தத் தட்டலை நீங்களே பயன்படுத்த வேண்டிவரும் என்று நாம் நினைக்கவில்லை. வலப்பக்கமும் பேச்சும் ஒரே நாளில் போயின. பெரியம்மா இறந்து பல வருஷம் ஆகியிருந்ததால் உங்களை நம் வீட்டுக்கே அழைத்து வந்தோம். நான் பத்தாம் வகுப்பைப் பாதியில் விட்டேன். உங்களால்தான் என் படிப்பு நின்றது என்று எல்லோரும் சொன்னார்கள். எழுந்து நின்று பாடம் வாசிக்க வேண்டாம் என்பதில் எனக்கு ஒரு நிம்மதியும் இருந்தது. அதை உங்களிடம்கூடச் சொன்னதில்லை. முதல் நாள் கஞ்சி கொடுக்கும்போது, இடது கையால் கட்டில் கம்பியைத் தட்டினீர்கள். ஒரு தட்டு. நான் கரண்டியை நிறுத்தினேன். இரண்டு தட்டு. அடுத்த வாய் கொடுத்தேன்.

வாரம் ஒருமுறை வரும் நர்சம்மா சொல்லித் தந்தபடியே செய்தேன். முதுகுக்குத் தலையணை கொடுத்து நேராக உட்காரவைத்து, தாடையைக் கொஞ்சம் கீழே இறக்கி, கெட்டியான கஞ்சியை அரைக் கரண்டி. தொண்டை ஏறி இறங்கியதைப் பார்த்த பிறகே அடுத்த வாய். சாப்பிட்டு முடித்ததும் அரை மணி நேரமாவது படுக்கவைக்கக் கூடாது. “அண்ணாந்து ஊத்திறாத. நம்ம சனம் எச்சி படக் கூடாதுன்னு அப்பிடித்தான் ஊத்தும். அது நேரா நெஞ்சுக்குள்ள போயிரும். குரல் நனஞ்சாப்புல கேட்டா ஒடனே நிறுத்திரு” என்றார்கள்.

கண்டரமாணிக்கத்திலிருந்து அத்தை வந்த நாளில் கரண்டி என் கையில்தான் இருந்தது. உங்கள் தங்கை இளநீர் வெட்டிச் சொம்பில் கொண்டுவந்திருந்தார்கள். அண்ணனுக்குத் தன் கையால் ஒரு வாய் கொடுத்தால்தான் மனசு ஆறும் என்று அழுதார்கள். பிடரியில் கை கொடுத்து உங்கள் தலையைப் பின்னால் சாய்த்து, உதட்டில் படாமல் மேலேயிருந்து ஊற்றினார்கள்.

நீங்கள் கம்பியைத் தட்டினீர்கள். ஒரு தட்டு.

“பாத்தியாத்தா, கேட்டு வாங்கிக் குடிக்கிறாக” என்றார்கள் அத்தை.

நான் கதவோரம் நின்றேன். கொஞ்ச நேரம் விட்டு இன்னொரு தட்டு. சேர்த்துத் தட்டினால் “போலாம்” என்று ஆகிவிடும் என்றுதான் இடைவெளி விட்டீர்கள். நம் வீட்டில் அது எனக்கு ஒருத்திக்குத்தான் புரியும். பெரியவர்களை எப்படித் தடுப்பது என்று நின்றேன். சொம்பு காலியாகும்வரை நின்றேன்.

மூன்றாம் நாள் காய்ச்சல். நெஞ்சில் சளி கட்டியிருக்கிறது என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். யாராவது தண்ணீர் ஊற்றினீர்களா என்று கேட்டார். அம்மா என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். நிமிர்ந்தபோது நீங்கள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். பிறகு கண்ணை மூடிக்கொண்டீர்கள்.

பிழைத்து வீட்டுக்கு வந்தீர்கள், ஆனால் பழைய தெம்பு இல்லை. வந்த அன்று கஞ்சிக் கிண்ணத்தோடு உட்கார்ந்தேன். கரண்டி உங்கள் உதடுவரை போகவில்லை. நீங்கள் மெதுவாகக் கம்பியைத் தட்டினீர்கள். இரண்டு தட்டு. அதற்குப் பிறகும் எனக்கு மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை, பெரியப்பா. பங்குனியில் ஒரு மதியம் உங்களைப் புரட்டிப் படுக்கவைக்க வந்தபோது நீங்கள் இல்லை.

இன்று தாத்தா இரண்டாவது முறை இருமினார். கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு அவர்கள் வாசலுக்குப் போனேன். கம்பிக் கேட் வழியாக உள்ளே தெரிந்தது. மருமகள் அக்கா தாத்தாவின் தலையைப் பின்னால் சாய்த்துப் பிடித்து, சொம்பைத் தூக்கிக்கொண்டிருந்தார்கள். எனக்கு வாய் வரவில்லை. கேட் கம்பியில் ஒரு தட்டுத் தட்டினேன்.

சொம்பு நின்றது. அக்கா திரும்பிப் பார்த்தார்கள்.

“அண்ணாந்து ஊத்தாதீக அக்கா” என்றேன். உள்ளே போய், சுவரோரம் கிடந்த தலையணையை எடுத்துத் தாத்தாவின் முதுகுக்குக் கொடுத்தேன்.