எனக்கும் வெயில் சுடுது

அன்புள்ள அக்கா,

நேற்று வவுனியாவில் மருந்துக்கடைக்குப் போயிருந்தேன். காய்ச்சலுக்கு டொக்டர் எழுதிய குளிசைகளை உறையில் போட்டுத் தந்த பிள்ளை, "அம்மா, இது குடிக்கிற நாளையில வெயிலுக்கை திரியாதேங்கோ, தோல் எரியும்" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தேன். தான் ஏதும் பிழையாகச் சொல்லிவிட்டோமோ என்று அந்தப் பிள்ளை முழித்தது. இந்த ஒரு வசனத்தைக் கேட்பதற்கு ஒரு காலத்தில் நீங்களும் நானும் பட்ட பாடு அவளுக்கு எப்படித் தெரியும்?

ஐம்பதுகளின் கடைசியில், குடியேற்றக் காணி கிடைத்து நாங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து வட்டக்கச்சிக்கு வந்தோம். நான், என் கணவர், அவரைப் பெற்ற மாமி. பக்கத்துக் காணியில் நீங்கள். உங்கள் மனுசன் முல்லைத்தீவில் கடற்தொழிலை விட்டுவிட்டு மண்வெட்டி பிடிக்க வந்தவர். என்னைவிட உங்களுக்கு நாலைந்து வயதுதான் கூட. ஆனால் வாய் மட்டும் நாற்பது வயது கூட. உங்கள் குசினியில் கருவாடு பொரிந்தால் மாமி எங்கள் யன்னலைச் சாத்துவா. அவாவுக்குக் கேட்கட்டும் என்றே நீங்கள் அகப்பையைச் சட்டியில் இன்னும் பலமாகத் தட்டுவீர்கள்.

எனக்குப் பயம் வரத் தொடங்கியது அந்த முதல் வருசந்தான். பேய்க்கோ யானைக்கோ இல்லை. பட்டப்பகலில், சோறு வடித்துக்கொண்டு நிற்கும்போது நெஞ்சு அடிக்கும், கை குளிர்ந்துவிடும், இந்த நிமிடமே செத்துவிடுவேன் என்று தோன்றும். ஏன் என்று எல்லாரும் கேட்டார்கள். எனக்குத் தெரிந்தால்தானே சொல்ல? மாமி நூல் கட்டிப் பார்த்தா. பிறகு அவர் என்னைக் கிளிநொச்சி ஆசுப்பத்திரிக்குக் கூட்டிப் போனார். அங்கே தந்த குளிசையைக் குடித்த சில நாட்களில் பயம் அடங்கியது. நான் சாப்பிட்டேன், நித்திரை கொண்டேன், வேலியடியில் உங்களோடு கதைத்துச் சிரித்தேன்.

சிறுபோக நெல்லுக்குக் களை பிடுங்க வயலில் இறங்கினேன். அன்று மாலையே முகமும் கழுத்தும் கையும் நெருப்புப் பட்டதுபோலச் சிவந்து, கொப்பளித்து, சேலைத் தலைப்பு உரசினாலும் உயிர் போனது. மாமி ஒருமுறைதான் பார்த்தா. "அம்மாள் வந்திட்டா" என்றா. உடனே படலையில் வேப்பிலை கட்டினார்கள். என்னை இருட்டறையில் வேப்பிலைமேல் கிடத்தினார்கள். அம்மாள் நிற்கிற வீட்டில் மருந்து ஆகாது என்று குளிசையையும் நிற்பாட்டினார்கள். வெயிலும் இல்லை, குளிசையும் இல்லை, தோல் ஆறிவிட்டது. அம்மாள் இறங்கிவிட்டா என்று மாமி பொங்கல் வைத்தா. நானும் கும்பிட்டேன்.

ஆனால் பயம் திரும்பி வந்தது, முன்னையைவிட மோசமாக. அவர் மறுபடி குளிசையைத் தந்தார். மறுபடி வயல், மறுபடி நெருப்பு. இந்தமுறை மாமி அழுதுவிட்டா. "இந்த மண் இவளுக்கு ஆகாதெண்டு அம்மாள் சொல்லுறா. ஊருக்குக் கொண்டுபோய் தாய் வீட்டில விட்டிட்டு வா, தம்பி." அவர் என் ட்ரங்குப் பெட்டியைத் துடைத்து வெளியே வைத்தார். தாய் வீட்டில் விடப்பட்ட பெண்கள் எங்கள் ஊரிலும் இருந்தார்கள். யாரும் அவர்களைத் திரும்பக் கூப்பிட்டு நான் பார்த்ததில்லை. இருட்டில் கிடந்து, எரிச்சலுக்கு அழுகிறேனா பெட்டிக்கு அழுகிறேனா என்று தெரியாமல் அழுதேன்.

அப்போதுதான் வாசலில் உங்கள் குரல் கேட்டது. மாமி மறித்தா. "அம்மாள் நிக்கிற வீடு பிள்ளை. நீ மீன் சமைச்ச கையோடை நிக்கிறாய்."

"மாமி, என்னட்டை அவா சின்ன வயசில வந்து, முகம் முழுக்க எழுதிப்போட்டுப் போனவா. எனக்கு அவாவை நல்லாத் தெரியும். ஒருக்காப் பாத்திட்டு வாறன்."

உங்கள் முகத்து அம்மைத் தழும்பைப் பார்த்து மாமி வழி விட்டா. நீங்கள் உள்ளே வந்து யன்னலைக் கொஞ்சம் நீக்கி, என் சட்டைக் கையை மெல்லச் சுருட்டினீர்கள். சட்டைக் கை முடிகிற இடம் வரைக்கும் சிவப்பு. அதற்கு மேலே, கோடு கீறினமாதிரி, என் பழைய நிறம். தாலிக்கொடியைத் தூக்கினீர்கள். அதற்குக் கீழேயும் ஒன்றுமில்லை.

"மாமி, இஞ்சை வாங்கோ. அம்மாள் வந்தால் சட்டைக்கை எவ்வளவு நீளமெண்டு பாத்தே வருவா?"

மாமி குனிந்து பார்த்தா. என் மற்றக் கையையும் தானே சுருட்டிப் பார்த்தா. பிறகு, "அப்ப ஆசுப்பத்திரிக்குக் கொண்டு போ" என்றா. உங்களிடந்தான் சொன்னா, மகனிடம் இல்லை.

டொக்டர் நல்ல மனிதர். சிலருக்கு இந்தக் குளிசையோடு தோல் வெயிலைத் தாங்காது என்றார். திடீரென்று நிற்பாட்டினால் பயம் திரும்பும், மெல்ல மெல்லத்தான் குறைக்கலாம், அதுவரை வெயிலில் நிற்க வேண்டாம் என்றார். அம்மாள் இல்லை, மண்ணும் இல்லை, வெறும் வெயில்! எனக்கு எழும்பி ஆடலாம்போல இருந்தது. திரும்பி வரும் பஸ்ஸில் நீங்கள்தான் கேட்டீர்கள்: "வெயில் இல்லாத வயல் எங்கையடி வாங்கிறது?"

விடையும் நீங்களே சொன்னீர்கள்: ஆம்பிளைகளின் முழுக்கைச் சேட். முல்லைத்தீவில் கடலுக்குப் போகிறவர்கள் போடுவதுதானே என்றீர்கள். எனக்கு உடம்பு கூசியது. சேலைக்கு மேலே புருசனின் சேட்டைப் போட்டுக்கொண்டு ஒரு பெண் வயலில் இறங்குவதா? ஏன் என்று கேட்பார்கள். குளிசை என்று சொன்னால், விசர்க் குளிசையா, மூளை பிசகிவிட்டதா என்பார்கள். நான் மாட்டேன் என்றேன். "சரி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனீர்கள்.

அடுத்தநாள் விடியப் படலையைத் திறந்தால் நீங்கள் நிற்கிறீர்கள். உங்கள் மனுசனின் சேட், கழுத்துவரை பொத்தான், தலையில் துவாய். சிரிப்பை அடக்கிக்கொண்டு, "என்னக்கா இது?" என்றேன்.

"எனக்கும் வெயில் சுடுது."

எந்த வெயிலையும் தின்று செரிக்கிற தோல் உங்களுடையது! நான் உள்ளே போய் அவரின் கல்யாணச் சேட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு வந்தேன். வயலில் பெண்கள் வயிறு நோகச் சிரித்தார்கள். "சிரியுங்கோ, சிரிச்சுக்கொண்டு களையைப் பிடுங்குங்கோ" என்று வரம்பில் நின்று அதிகாரம் பண்ணினீர்கள். கொஞ்ச நாளில் அவர்களுக்கும் அலுத்துவிட்டது. நெல் முற்றி அரிவி வெட்டு வருவதற்குள், என் பெட்டி பழையபடி கட்டிலுக்குக் கீழே போய்விட்டது. மாமியே அதைத் தள்ளிவிட்டா. உங்கள் கருவாட்டுக்கு யன்னலைச் சாத்துவதை மட்டும் அவா கடைசிவரை விடவில்லை.

டொக்டர் குளிசையைக் குறைத்துக் குறைத்து, ஒருநாள் போதும் என்றார். அடுத்த போகத்துக்கு வெறும் சட்டையோடு வயலில் இறங்கினேன். வெயில் கையில் பட்டது, எரியவில்லை. அந்தச் சந்தோசத்தை எப்படிச் சொல்வேன், அக்கா! திரும்பிப் பார்த்தால் நீங்கள் இன்னும் சேட்டோடு, வேர்த்து ஒழுகிக்கொண்டு நிற்கிறீர்கள். "இனி என்னத்துக்கக்கா, கழட்டுங்கோவன்" என்றேன்.

"கிடக்கட்டும். பிறகும் உனக்குத் தேவைப்பட்டால் நீ தனியப் போடவேண்டி வரும்."

அதற்குப் பிறகு சண்டையில் ஊர் எத்தனையோ தடவை கலைந்தது. நாங்கள் ஆளுக்கொரு திக்கில் இருந்தோம். போன வருசம் நீங்கள் கண்மூடிவிட்ட செய்தி வந்தபோது என்னால் வரக்கூட முடியவில்லை. பயம் இப்போதும் சில மத்தியானங்களில் வருகிறது, நெஞ்சு பழையபடி அடிக்கிறது. நான் அடுப்பைக் குறைத்துவிட்டுக் கதிரையில் இருப்பேன். யாரோ ஒருத்தி தேவையே இல்லாமல் எனக்காக வெயிலில் வேர்த்துக்கொண்டு நின்றாள் என்று நினைப்பேன். கொஞ்ச நேரத்தில் எழும்பிச் சோறு வடிக்கப் போய்விடுவேன்.

என்றும் உங்கள்,
பக்கத்துக் காணிக்காரி