மாடிக்கு இன்னொரு வழி

ஜூன் 11, புதன்

சொல்தா வீட்டு மாடிப்படி இன்றும் சரியாகவில்லை. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்ததற்குப் பிரான்சிலிருந்து பென்ஷன் வாங்கிக்கொண்டு இங்கே வீடு கட்டும் குடும்பம். நடுவில் திரும்பும் படிதான் வேண்டுமாம். ஆபீஸ் கம்ப்யூட்டரில் வரைந்தால் படி திரும்புகிறது, கைப்பிடி திரும்ப மறுக்கிறது. திருப்பத்தில் இருக்கும் சமதளத்துக்கு வந்ததும் செங்குத்தாக எகிறிக் கூரையைக் குத்துகிறது. அழித்துவிட்டு மறுபடி போட்டால் மறுபடி எகிறுகிறது. எச்சரிக்கைப் பெட்டி ஒன்றை மூடினால் இன்னொன்று திறக்கிறது. சார் பின்னால் வந்து, "இன்னுமாம்மா?" என்றார். இன்னும்தான்.

வீட்டுக்கு வந்தால் சண்டை. எங்கள் வீட்டுக்கு ஒரே படி, அது எங்கள் கூடத்தில்தான் இறங்குகிறது. மாடியில் கொழுந்தன் செம்மலும் அவன் மனைவி அன்புசெல்வியும். அவள் கோரிமேட்டு ஆஸ்பத்திரியில் நர்ஸ், இந்த வாரம் இரவு டியூட்டி. அவள் இறங்கிய சத்தத்தில் கூடத்தில் தூங்கிக்கொண்டிருந்த இவர் விழித்துவிட்டார். விடியும் முன்பே துறைமுகத்துக்கு ஐஸ் ஏற்றிப் போகிறவர். விளக்கு வைத்ததும் படுத்தால்தான் தூக்கம். "இது என்னா வூடா, சத்திரமா?" என்று கத்தியிருக்கிறார். அவள் டியூட்டிக்குக் கிளம்பிவிட்டாள். செம்மல் பேசினான். "எங்கப்பன் கட்டின வூட்ல நாங்க சத்திரத்துல தங்கற மாதிரியா இருக்கோம்?" அதற்கு இவர் ஒன்று, அதற்கு அவன் ஒன்று.

தலைவலி. படுக்கிறேன்.

ஜூன் 13, வெள்ளி

அண்ணனும் தம்பியும் பேசவில்லை.

ஜூன் 15, ஞாயிறு

செம்மல் என்னிடம் பேசினான், அண்ணன் காதில் விழும்படி. "அண்ணி, வெளியிலேர்ந்து எங்களுக்குத் தனியா ஒரு படி போட்டுக் குடுத்துடுங்க. உள்படிய அடைச்சிடலாம். ஒருத்தர் மூஞ்சில ஒருத்தர் முழிக்க வேணாம்."

இவர் டிவியை விட்டுக் கண்ணை எடுக்காமல், "போடச் சொல்லு. ஊருக்கெல்லாம் அவதான படி வரையறா" என்றார்.

எனக்கு இதில் சம்மதமா என்று யார் கேட்டார்கள்? டேப்பை எடுத்துக்கொண்டு வீட்டுப் பக்கத்துச் சந்துக்குப் போனேன். இன்னொரு முனையை அன்புசெல்வி பிடித்தாள். அளவைத் தவிர நாங்கள் ஒன்றும் பேசவில்லை.

ஜூன் 18, புதன்

சாப்பாட்டு நேரத்தில் எங்கள் வீட்டை வரைந்தேன். சுவர், தளம், ஜன்னல் எல்லாம் வந்தன. படி மட்டும் சந்துக்கு மேலே அந்தரத்தில் தொங்குகிறது! எங்கே பிழை என்று அரை மணி தேடினேன். கூடத்துத் தரையிலிருந்து படி தொடங்குவதாகக் கொடுத்திருக்கிறேன். வெளிப்படி சந்து மண்ணிலிருந்து அல்லவா தொடங்கவேண்டும்? இத்தனை வருஷம் இதே வேலை செய்பவள் சொந்த வீட்டுக்கு இப்படிச் செய்கிறேன்.

வெளிப்படி என்பதையே மனசு ஏற்கவில்லையோ என்னவோ.

ஜூன் 21, சனி

சந்திலிருந்து தொடங்கியதும் படிகள் கூடிவிட்டன. நீளம் தெருவுக்கே போகிறது. ஒவ்வொரு படியையும் உயரமாக்கினால் நீளம் குறையும், ஆனால் அது ஏணி. பின்பக்கமாகத் தள்ளினால் என் சமையற்கட்டு ஜன்னலின் சன்ஷேடு தலையில் இடிக்கிறது. சுருள்படி ஒன்றுதான் பாக்கி.

ஜூன் 29, ஞாயிறு

லேப்டாப்பில் சுருள்படியைக் காட்டினேன். "சூப்பர் அண்ணி" என்று செம்மல் உடனே மேலே போய்விட்டான். அன்புசெல்வி போகவில்லை. திரையில் விரலை வைத்தாள்.

"உள்பக்கம் கால் வெக்க எடமே இல்லையேக்கா."

"வெளிப்பக்கமாத்தான் எறங்கணும். கைப்பிடிய புடிச்சிக்கினு."

திரையிலிருந்து விரலை எடுத்தாள். பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னாள். "ரெண்டு மாசம்க்கா. அவரத் தவிர யாருக்கும் தெரியாது. முன்ன ரெண்டு வாட்டி ஆன மாதிரி ஆயிடுமோன்னு சொல்லல."

லேப்டாப்பை மூடினேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன், வேறென்ன செய்வது? அம்மா இல்லாதவள். யாரிடம் போய்ச் சொல்லுவாள்? இந்தப் பதினெட்டு நாளாக அவள் என் கூடத்தைக் கடக்கும்போது நானும் முகம் கொடுத்துப் பேசவில்லையே.

ஜூலை 6, ஞாயிறு

நாங்கள் மாடிக்குப் போகிறோம், அவர்கள் கீழே வரட்டும் என்றேன். படியே வேண்டாம். அன்புசெல்வியின் சம்மதத்தோடு விஷயத்தையும் சொன்னேன். இவர் முகம் ஒரு கணம் மாறியது. உடனே, "கீழ் வூடு மூத்தவனுக்கு. எங்கப்பா சொன்னது" என்றார். செம்மலிடம் கேட்டால், "அவரு எடத்த விட்டுக்குடுத்து நான் இருக்கணுமா? வேணாம் அண்ணி" என்றான். ஒரே வயிற்றில் பிறந்ததுகள், பிடிவாதத்தில் பேதமே இல்லை.

சலித்துவிட்டது.

ஜூலை 12, சனி

வரைபடத்தில் படி உட்கார்ந்துவிட்டது. நேராகப் போய், நடுவில் ஒரு சமதளம், அங்கே திரும்பி மேலே. அகலமான படி, உயரம் குறைவு. மாசமாக இருப்பவள் ஏறலாம். விலை: சன்ஷேடு போகிறது, என் ஜன்னலில் பாதி அடைபடுகிறது.

இதிலும் சமதளத்தில் கைப்பிடி எகிறியது. கோபத்தில் கைப்பிடிக் கோட்டை வெட்டி வெட்டிப் போட்டுப் பார்த்தேன். சமதளம் தொடங்கும் இடத்திலேயே சரியாக வெட்டினால் அடங்கிவிடுகிறது. அதற்கு முன்னும் கூடாது, பின்னும் கூடாது.

ஜூலை 14, திங்கள்

சொல்தா வீட்டிலும் அப்படியே வெட்டினேன். கைப்பிடி ஒழுங்காகப் படுத்தது. சார், "அட!" என்றார். எனக்குச் சந்தோஷம் வரவில்லை.

ஆகஸ்ட் 23, சனி

இரும்புப் படி வந்து நின்றுவிட்டது. வரைந்ததற்கும் நின்றதற்கும் ஒரு விரல்கூட வித்தியாசமில்லை. சமையற்கட்டில் பகலிலேயே லைட் போடவேண்டியிருக்கிறது.

ஆகஸ்ட் 25, திங்கள்

லீவு போட்டேன். உள்படி போகும் வழியை அடைக்கக் கொத்தனார் வந்தார். வரைபடத்தில் போன வாரமே அடைத்துப் பார்த்திருந்தேன். ஒரு சொடுக்கு, மேல்தளம் மூடிக்கொண்டது. சேமிக்காமல் வெளியே வந்துவிட்டேன்.

"எங்கேர்ந்து ஆரம்பிக்கட்டும்மா?" என்றார் அவர்.

"வேணாம். நீங்க போய்ட்டு வாங்க."

சாயங்காலம் இவர், "ஏன் அடைக்கல?" என்றார்.

"என் ஜன்னல்ல பாதிய குடுத்துட்டேன். இதையும் கேக்காதீங்க."

 அவர் டிவியைப் போட்டுக்கொண்டார். உள்படியின் உச்சியில் இருக்கும் கதவைச் செம்மல் அவன் பக்கம் தாழ்போட்டுக்கொண்டான்.

அக்டோபர் 22, புதன்

மழை. இரும்புப் படியில் அன்புசெல்வி கால் வைக்கும் சத்தம் நாளுக்கு நாள் மெதுவாகிறது. நல்ல வேளை, பகல் டியூட்டிக்கு மாற்றிவிட்டார்கள்.

நவம்பர் 30, ஞாயிறு

மூன்று நாளாக விடாத மழை. கடலுக்கு யாரும் போகவில்லை, படகுகளைத் தெரு வரைக்கும் இழுத்துப் போட்டிருக்கிறார்கள். வெளிப்படி சோப்புப் போட்டது மாதிரி வழுக்குகிறது. செம்மல் நேற்று இரண்டு படி சறுக்கி முழங்கையைச் சிராய்த்துக்கொண்டான்.

மத்தியானம் உள்படியின் மேலே தாழ் திறக்கும் சத்தம்.

"அக்கா, இப்பிடியே வரட்டுமா?"

ஓடிப்போய்க் கையைப் பிடித்து இறக்கினேன். வயிறு நன்றாகத் தெரிகிறது. கூடத்தில் உட்கார்ந்து சூடாக ரசம் சாதம் சாப்பிட்டாள், அங்கேயே தூங்கிப்போனாள். இவர் வந்து பார்த்தார். பாயை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போய்விட்டார்.

டிசம்பர் 2, செவ்வாய்

காலையில் செம்மல் உள்படி வழியாக இறங்கினான். படகு போகாததால் ஐஸ் வேலை இல்லை. இவர் படிக்கு எதிரே நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். செம்மல் கடைசிப் படிக்கு முன் படியிலேயே நின்றுவிட்டான். நான் சமையற்கட்டு வாசலில், கரண்டியும் கையுமாக.

இவர் காலை மடக்கினார். செம்மல் தாண்டிப் போய் வாசலில் ரெயின்கோட்டை மாட்டினான்.

"டாக்டர்கிட்ட என்னிக்கிக் காட்டணுமாம்?" மழையைப் பார்த்தபடி இவர் கேட்டார்.

"வியாழக்கெழம."

"பைக்ல இட்டுக்கினு போவாத. ஆட்டோவுக்கு நான் சொல்லிடறேன்."

செம்மல் ரெயின்கோட்டின் பொத்தானைப் போட்டான், கழற்றினான், மறுபடி போட்டான்.

"சரிண்ணா."

அணைத்த அடுப்பைத் திரும்பப் பற்றவைத்து, செம்மலுக்கும் தோசைக்கல்லைப் போட்டேன்.