பாங் கிழவனின் கோழிகள் நம் அடுப்படியில்

அன்பு மகள் யாச்சினுக்கு அப்பா தன் கையாலேயே எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் உறைந்து போகாமல் இருக்கிறோம். அங்கே தெற்கில் நீயும் மாப்பிள்ளையும் வயிற்றுப் பிள்ளையும் வியர்த்துக்கொண்டு சுகமாக இருப்பீர்கள். இது பக்கத்து வீட்டுப் பாங் கிழவன் எழுதித் தந்த கடிதம் இல்லை, பனியில் கோழி நடந்தது போன்ற இந்த எழுத்தைப் பார்த்தாலே தெரியும். ஊர் மன்றத்தில் நடக்கும் குளிர்கால வகுப்புக்குப் போய்க் கற்றுக்கொண்டேன். இத்தனை வருடமாக, உடம்பைப் பார்த்துக்கொள் என்று எழுதச் சொன்னால் அவன் தென்திசை மேகமே, வாத்துக் கூட்டமே என்று இழுத்துக்கொண்டு போவான், நானும் தலையாட்டித் தொலைத்தேன். இனி அவனைப் பற்றியே எழுதலாம். அவனிடம் சொல்லி எழுதவா முடியும்?

பிள்ளை பெற்றவளுக்கு முட்டை கடையிலேயே கிடைக்கிறது, நீங்கள் அலைய வேண்டாம் என்று மாப்பிள்ளை சொன்னாராம். கடை முட்டையை உடைத்தால் மஞ்சள் கரு சாயம் போன துணி மாதிரி இருக்கும், அதைத் தின்று யாருக்குப் பால் ஊறும்? உன் மாமியார் பன்றிக்காலைப் புளித்த காடியில் போட்டுக் காய்ச்சித் தருவாராம், தரட்டும், ஊறுகாய் என்று நினைத்துக்கொள். பெற்ற வீட்டிலிருந்து ஒரு கூடை முட்டை வராமல் நம் பெண் எவளும் பிள்ளை பெற்று ஒரு மாதப் படுக்கையில் கிடந்ததில்லை, நீயும் கிடக்கமாட்டாய் என்று இருந்தேன். ஆனால் இந்த வருடக் குளிர் என் வாயை அடைத்துவிடும் போலிருந்தது. ஜன்னல் இடுக்குகளில் காகிதம் ஒட்டி, வெளியே பிளாஸ்டிக் அடித்து, செங்கல் கணப்புப் படுக்கைக்குக் கீழே சோளத்தட்டையைத் திணித்து எரித்தும், காலையில் தண்ணீர்த் தொட்டியைக் கோடாலியால்தான் திறக்கிறோம். நாலு மணிக்கே இருட்டிவிடுகிறது, வெளிச்சம் இல்லாமல் நம் கோழிகள் முட்டையை மறந்தே போயின.

இந்தப் பாங் என்ன செய்தான் தெரியுமா, வீட்டு ஜன்னலை அடைப்பது போலவே கோழிக்கூண்டையும் காகிதமும் மண்ணும் பிளாஸ்டிக்கும் வைத்து ஊசி நுழையாமல் அடைத்தான். நம் கூண்டின் கூரைக்கு அடியில் நான் விட்டிருந்த ஓட்டையைப் பார்த்து, "என்னப்பா வான்சாங், உன் கோழி புகை பிடிக்குமா? அதுக்குப் போயி புகைபோக்கி விட்டிருக்கே" என்று சந்தே கேட்கச் சிரித்தான். கோழி மூச்சு விடும், எச்சமிடும், அந்த ஈரம் எங்கே போகும்? கூண்டுக்குள்ளேயே பனியாக உறைந்து, அவன் கோழிகளின் கொண்டையெல்லாம் கரிக்கட்டை மாதிரி கறுத்துப்போயின. கவிதை எழுதத் தெரிந்தவனுக்கு அது தெரியவில்லை. பிறகு தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நம் வாசலில் வந்து நின்றான். நான் நன்றாகச் சிரித்து முடிப்பதற்குள் உன் அம்மா, "அண்ணே, எல்லாத்தையும் எங்க அடுப்படிக்குக் கொண்டாந்துடுங்க" என்று சொல்லிவிட்டாள். இப்போது அடுப்போரம் அவன் கோழிகள், கணப்புப் படுக்கையில் அவன். கோழியைப் பார்க்க வந்தேன் என்று தினமும் வந்து நம் தேநீரைக் குடிக்கிறான்.

இனி எழுதப் போவதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். அந்தக் கரிக்கொண்டைக் கோழிகள் முட்டையிடத் தொடங்கிவிட்டன! காற்றோட்டமான கூண்டில் ராணி மாதிரி இருக்கும் நம் கோழிகள் சும்மா கிடக்கின்றன. பாங் முட்டையெல்லாம் பொறுக்கி, துடைத்து, உன் கூடையில் வைத்துவிட்டு, "பிள்ளை பெத்தவ வாய்க்கு எந்தக் கோழின்னு தெரியவா போவுது? நம்ம யாச்சின்தானே" என்றான். நான் புரையேறியதாக இருமி வைத்தேன். நம் புள்ளிக்கோழி நொண்டுகிறது என்று பொய் சொல்லி அதையும் உள்ளே கொண்டுவந்தேன். பல நாள் அடுப்போரம் உட்கார்ந்து தின்றுவிட்டு இன்று காலை ஒரே ஒரு முட்டை இட்டது.

நாளை உன் அம்மா கூடையோடு ரயில் ஏறுகிறாள். முட்டைகளைத் தினைக்குள் புதைத்திருக்கிறோம், தினையைக் கொட்டிவிடாதே, சிவப்புச் சர்க்கரை போட்டுக் கஞ்சியாக்கிக் குடி. சிவப்புச் சாயம் பூசியது நம் புள்ளிக்கோழியுடையது, அதை முதலில் தின்று மற்றதைப் பிறகு தொடு. நான் வரவில்லை, அடுப்பு அணைந்தால் இத்தனை உயிரும் விறைத்துப்போகும், அதோடு பாங்குக்குத் தேநீர் யார் போடுவது? பச்சைத் தண்ணீரில் கை வைக்காதே, தலையில் துணி கட்டு, அங்கே வெயிலடித்தாலும் கட்டு. பிள்ளையும் நீயும் நூறு குளிர்காலம் காணுங்கள். பாங் முட்டை என்று மாப்பிள்ளையிடம் சொல்லிக்கொண்டு திரியாதே. நான் ராத்திரி நெடுநேரம் அடுப்படி விளக்கைப் போட்டுக்கொண்டு எழுத்துக் கூட்டியதால்தான் அதுகளுக்குப் பகல் நீண்டு முட்டை வந்தது என்று உன் அம்மாவே சொல்கிறாள். கோழி அவனுடையது, வெளிச்சம் என்னுடையது.

உன் அப்பா
தொங் வான்சாங்